ராஸ்பெர்ரி பை 4: ஹார்ட் டிஸ்க் ஓட ஆரம்பித்தால் மின்னல் குறி, கரண்ட் போனால் ரீபூட்

தேவனாம்பட்டினம்_பை (கேள்வி)

வணக்கம். கடலூர், பீச் பக்கம். ராஸ்பெர்ரி பை 4 (உள்ளங்கை அளவு கம்ப்யூட்டர்), 4 ஜிபி போர்டு ஒன்றை வீட்டு ஃபைல் சர்வராகவும் கேமரா ரெக்கார்டிங்குக்கும் ஓட்டுகிறேன். அதில் செருகியிருப்பவை: 2.5 இன்ச் 2 டிபி ஹார்ட் டிஸ்க் (நீல யூஎஸ்பி போர்ட், தனி அடாப்டர் கிடையாது), யூஎஸ்பியிலேயே கரண்ட் எடுக்கும் 7 இன்ச் ஸ்கிரீன், வெப்கேம், வயர்லெஸ் கீபோர்டு டாங்கிள். சப்ளைக்கு 33 வாட் மொபைல் சார்ஜர், ஒன்றரை மீட்டர் ஏ-டு-சி கேபிள்.

கோளாறு இதுதான். டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும்போது டிக் டிக் என்று சத்தம் போட்டு அறுந்து போகிறது, சில நேரம் தானே திரும்ப வருகிறது. பெரிய ஃபைல் காப்பி செய்யும்போது ஸ்கிரீன் மூலையில் மஞ்சள் மின்னல் குறி. கரண்ட் போய் இன்வெர்டர் எடுக்கும் நேரத்தில் பை ரீபூட் ஆகிறது, எல்லா முறையும் இல்லை, பெரும்பாலும் சாயங்காலம். ஒரு எஸ்டி கார்டு இப்படியே கெட்டும் போனது. த்ராட்டில் நிலையை (வோல்டேஜ் குறைவு, வேகக் குறைப்பு நடந்ததா என்று பை குறித்து வைக்கும் எண்) கேட்டால் 50005 என்று வருகிறது.

65 வாட் லேப்டாப் சார்ஜர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதைப் போட்டால் தீருமா? இல்லை, பவர்டு ஹப்தான் (தனி அடாப்டரோடு வரும் யூஎஸ்பி ஹப்) வாங்கணுமா? மல்டிமீட்டரும் யூஎஸ்பி மீட்டரும் கையில் இருக்கு.

ஓம்ஸ்_லா

வாட்டை மறந்துடுங்க சார். 33 வாட் என்பது அந்தச் சார்ஜர் அதற்கேற்ற போனோடு பேசி வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும்போதுதான். பை 4 யாரிடமும் பேரம் பேசாது, 5 வோல்ட் மட்டும் வாங்கிக்கொள்ளும். சார்ஜர் லேபிளில் பொடி எழுத்தில் 5 வோல்ட்டுக்கு என்று ஒரு வரி இருக்கும், 2 ஆம்ப் அல்லது 3 ஆம்ப். உங்கள் சார்ஜரின் உண்மையான தகுதி அந்த வரிதான். 65 வாட் சார்ஜருக்கும் இதே கதை, 5 வோல்ட்டில் அதுவும் பெரும்பாலும் 3 ஆம்ப்தான். பை 4-க்கான அதிகாரபூர்வ அடாப்டர் 5.1 வோல்ட், 3 ஆம்ப். அந்த 0.1 வோல்ட் சும்மா போட்டதில்லை, கேபிளில் இறங்குவதை ஈடுகட்டத்தான்.

50005-ஐப் படிக்கும் விதம்: கடைசி 5 இப்போதைய நிலை, முதல் 5 பூட் ஆனதிலிருந்து எப்போதாவது நடந்தது. 5 என்றால் 1-ம் 4-ம் சேர்ந்தது. 1 என்றால் வோல்டேஜ் குறைவு, 4 என்றால் அதனால் (அல்லது சூட்டினால்) பிராசஸரின் வேகம் குறைக்கப்பட்டது. 50000 மட்டும் வந்தால் முன்பு நடந்தது, இப்போது இல்லை. ரீபூட் செய்யும்வரை அந்த முன் 5 அழியாது. ஆகவே எதை மாற்றினாலும் ரீபூட் பண்ணிவிட்டுத்தான் மறுபடி பாருங்கள், இல்லாவிட்டால் பழைய பாவத்துக்குப் புது கேபிளைத் திட்டுவீர்கள்.

போர்டில் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னல் குறி வரும். அதனால் அளக்க வேண்டிய இடம் சார்ஜர் வாய் இல்லை, போர்டு. ஜிபிஐஓ வரிசையில் (போர்டு ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பின்கள்) 4-வது பின் 5 வோல்ட், 6-வது பின் கிரவுண்ட். மீட்டர் முனையை நேராகப் பின்னில் வைக்காதீர்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்துப் பின், கை நழுவினால் ஷார்ட். 1-ம் 2-ம் உரசினால் இன்னும் மோசம்: 5 வோல்ட் 3.3 வோல்ட் லைனில் ஏறி போர்டே காலி. பவரை அணைத்துவிட்டு இரண்டு ஃபீமேல் ஜம்பர் வயரைச் செருகி, மறுமுனையில் அளங்கள்.

மூன்று அளவு வேண்டும். டிஸ்க் இல்லாமல் சும்மா இருக்கும்போது ஒன்று. டிஸ்கில் பெரிய ஃபைல் எழுதிக்கொண்டே நாலு கோரையும் முழு வேலையில் விட்டு இன்னொன்று. அதே நேரத்தில் சார்ஜர் முனையில் யூஎஸ்பி மீட்டர் காட்டும் வோல்ட்டும் ஆம்பும். மீட்டரைச் சார்ஜர் பக்கம் செருகுங்கள். அதுவும் கொஞ்சம் வோல்டேஜை விழுங்கும், பரவாயில்லை, கணக்குக்கு இது போதும்.

மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும். 4.8 என்று காட்டிக்கொண்டே மின்னல் வந்தால் மீட்டர் பொய் சொல்லவில்லை, சில மில்லி செகண்ட் பள்ளம் அதன் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மின்-மேக்ஸ் பட்டன் (குறைந்தபட்ச, அதிகபட்ச அளவைப் பிடித்து வைப்பது) இருந்தால் போடுங்கள்.

தேவனாம்பட்டினம்_பை

அளந்துவிட்டேன். டிஸ்க் இல்லாமல், ஸ்கிரீன் மட்டும்: சார்ஜர் முனை 5.10, போர்டில் 4.82, ஓட்டம் 1.1 ஆம்ப். டிஸ்க் எழுதும்போது, முழு லோடில்: சார்ஜர் முனை 5.06, போர்டில் 4.56, ஓட்டம் 2.0 ஆம்ப். லேபிளில் 5 வோல்ட் 3 ஆம்ப் என்றுதான் இருக்கு.

ஓம்ஸ்_லா

அப்போ சார்ஜர் நிரபராதி. 2 ஆம்ப் இழுத்தும் 5.06-ல் நிற்கிறது. வழியில் 0.50 வோல்ட் காணாமல் போகிறது. 0.50-ஐ 2.0-ஆல் வகுத்தால் 0.25 ஓம். முதல் அளவையும் வகுத்துப் பாருங்கள்: 0.28-ஐ 1.1-ஆல், அதுவும் 0.25. இரண்டும் ஒத்துப்போகிறது, ஆகவே குற்றவாளி கேபிளும் அதன் முனைகளும்தான்.

செம்பு வயரின் தடை, ஒரு மீட்டர் நீளத்துக்கு (கேஜ் என்பது வயர் தடிமனின் எண்): 28 கேஜ் 0.21 ஓம், 24 கேஜ் 0.084, 20 கேஜ் 0.033. கரண்ட் போய்த் திரும்பி வருவதால் கேபிள் நீளத்தை இரண்டால் பெருக்கணும். உங்கள் ஒன்றரை மீட்டர் என்பது 3 மீட்டர் வயர். 24 கேஜ் என்றால் 3 பெருக்கல் 0.084, அதாவது 0.25. கணக்கு அப்படியே உட்காருகிறது. சந்தையில் ‘ஃபாஸ்ட் சார்ஜிங்’ என்று விற்பதில் பாதி இந்த ரகம்தான், போன் சார்ஜ் ஆக இது தாராளம். போனுக்குள் பேட்டரி இருக்கு, 4.5 வந்தாலும் மெதுவாக ஏற்றிக்கொள்ளும். பைக்குள் அந்தத் தலையணை கிடையாது.

மேலுறை தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். லாரன்ஸ் ரோடு கடையானாலும் புதுச்சேரி ஞாயிறு சந்தையானாலும் நைலான் பின்னல் போட்ட தடிக் கயிறுக்குள் தலைமுடி மாதிரி வயர் இருக்கலாம். உறையில் 28/20 என்றோ 24/22 என்றோ அச்சடித்திருந்தால் இரண்டாவது எண்தான் பவர் வயர். எண் சின்னதாக இருக்க இருக்க வயர் தடி. எதுவும் அச்சாகவில்லை என்றால் நீளம் அரை மீட்டருக்குள் வாங்குங்கள், நீளம் குறைந்தாலே தடை குறைந்துவிடும். எனக்குக் கேட்டால், 5.1 வோல்ட்டில் கேபிளும் சேர்ந்தே வரும் அதிகாரபூர்வ அடாப்டர். அதன் வயர் 18 கேஜ், செருகும் மூட்டு ஒன்று குறைவு.

ஆனால் இதோடு முடியவில்லை. உங்களுக்கு இரண்டு நோய், ஒன்றின் மறைவில் இன்னொன்று. பை 4-ன் நாலு யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்து வெளியே கொடுப்பது 1.2 ஆம்ப் மட்டும். சார்ஜர் எவ்வளவு பெரிசானாலும் இந்த வரம்பு நகராது. இப்போ கூட்டுங்கள்: 2.5 இன்ச் டிஸ்க் சுற்ற ஆரம்பிக்கும் நொடியில் 1 ஆம்ப் வரை, அப்புறம் 0.4 – 0.5. ஸ்கிரீன் 0.5 சுமார். வெப்கேம் 0.2-க்கு மேல். ஆரம்ப நொடியில் 1.7. டிக் டிக் சத்தம் அதுதான்: தட்டு வேகம் எடுக்கப் பார்க்கிறது, வோல்டேஜ் சரிகிறது, ஹெட் பின்வாங்குகிறது, மறுபடி முயற்சி. இப்படியே விட்டால் டிஸ்கே போய்விடும். கேபிளை மாற்றினால் மின்னல் குறி போகும், டிக் டிக் போகாது.

ஈயப்பத்து

மேலே சொன்னது சரி. ஹப் வாங்கும் முன் காசில்லாத வைத்தியம் ஒன்று: ஸ்கிரீனின் பவரை மட்டும் பையிலிருந்து பிடுங்கி வேறொரு பழைய மொபைல் சார்ஜரில் போடுங்கள். எச்டிஎம்ஐ வழியாகக் கிரவுண்ட் பொதுவாகவே இருக்கும், படம் வரும். டச் ஸ்கிரீன் என்றால் அந்த யூஎஸ்பி வயரில்தான் டச்சும் வரும், அப்போ இது நடக்காது. அரை ஆம்ப் மிச்சம். இதற்குப் பிறகும் டிஸ்கும் வெப்கேமும் சேர்ந்தால் ஆரம்ப நொடியில் விளிம்பில்தான் நிற்கும், அதனால் டிஸ்குக்கு ஹப் வேண்டியதுதான்.

ஹப்பில் பார்க்க வேண்டியது போர்ட் எண்ணிக்கை இல்லை, கூட வரும் அடாப்டர். 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டரோடு ஏழு போர்ட் ஹப் விற்கிறார்கள், ஏழுக்கும் சேர்த்து அந்த 2 ஆம்ப்தான். ஒரு டிஸ்குக்கு அது போதும், இரண்டு வைத்தால் 3 ஆம்ப் பாருங்கள். 12 வோல்ட் அடாப்டர் வாங்கி உள்ளேயே 5-ஆக இறக்கும் ஹப் கிடைத்தால் அதுதான் நல்லது. கேபிள் இறக்கம் 12 வோல்ட் பக்கத்தில் நடந்துவிடும், டிஸ்க் அருகில் சுத்தமான 5 வோல்ட்.

இன்னொரு எச்சரிக்கை. மின்னல் குறி இல்லை, த்ராட்டில் 0, ஆனாலும் டிஸ்க் அறுந்து போகிறது என்றால் பவரைத் துரத்தாதீர்கள். சாட்டா-டு-யூஎஸ்பி பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கும் யூஏஎஸ் முறைக்கும் (யூஎஸ்பி டிஸ்கோடு வேகமாகப் பேசும் முறை) ஒத்துவராத தகராறு அது. கர்னல் லாகில் யூஏஎஸ் அபார்ட் என்று வரிசையாக வரும். அந்தப் பெட்டியின் வெண்டர் எண்ணையும் ப்ராடக்ட் எண்ணையும் எடுத்து, பூட் பார்ட்டிஷனில் இருக்கும் கமாண்ட்லைன் ஃபைலின் அதே ஒற்றை வரியில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் சேர்த்து, கடைசியில் ‘யு’ போடணும். வேகம் கொஞ்சம் குறையும், அறுந்து போவது நிற்கும். புது வரியில் எழுதினால் அது படிக்கப்படாது.

65 வாட் சார்ஜர் பற்றி: உங்கள் போர்டு 2019-ல் வந்த முதல் ரிவிஷன் என்றால் அதோடு வரும் தடிமனான சி-டு-சி கேபிளில் பை ஆனே ஆகாமல் இருக்கலாம். டைப்-சி வாயில் எதிரே இருப்பதை அடையாளம் காண உதவும் இரண்டு சிசி பின்னுக்கும் ஒரே ரெசிஸ்டரைப் பகிர்ந்து வைத்த டிசைன் தவறு அது. கேபிளுக்குள் அடையாளச் சிப் இருந்தால் சார்ஜர் பையை ஹெட்செட் என்று நினைத்துக்கொண்டு கரண்டே விடாது. 1.2 ரிவிஷனில் சரிசெய்துவிட்டார்கள். சாதா சி-டு-சி கேபிளிலோ ஏ-டு-சி கேபிளிலோ இந்தச் சிக்கல் இல்லை.

முத்தியால்பேட்டை_51

இன்வெர்டர் பக்கத்தை யாரும் தொடவில்லை, அதைச் சொல்கிறேன்.

ரீபூட் சாயங்காலம்தான் வருகிறது என்று எழுதியதே பாதி விடை. ஹோம் இன்வெர்டரின் பின்னாலோ பக்கத்திலோ யூபிஎஸ் / நார்மல் (சிலதில் இக்கோ) என்று ஒரு சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் லைன் வோல்டேஜ் நன்றாக இறங்கினாலும் இன்வெர்டர் கண்டுகொள்ளாமல் அப்படியே உள்ளே விட்டுவிடும், மாறும் நேரமும் நீளம். யூபிஎஸ் நிலையில் சுமார் 180 வோல்ட்டுக்குக் கீழே போனாலே பேட்டரிக்கு மாறும், அதுவும் சட்டென்று.

சார்ஜருக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்தான் அந்த இடைவெளியைத் தாண்ட வைக்கிறது. அதில் தங்கும் சக்தி வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட்டில் இருந்ததோடு ஒப்பிட்டால் 170 வோல்ட்டில் இருப்பது 55 சதவீதம்தான். சாயங்காலம் தெருவே மோட்டாரும் ஏசியும் போடும் நேரத்தில் லைன் தொய்ந்திருக்கும், கெப்பாசிட்டர் பாதி வயிற்றோடு இருக்கும், அப்போது கரண்ட் போகிறது. மறுபக்கம் போர்டில் ஏற்கனவே 4.56, தாங்கிக்கொள்ள இடமே இல்லை. சுவிட்சை யூபிஎஸ்-க்குத் தள்ளுங்கள், கேபிளையும் மாற்றுங்கள். பெரும்பாலும் இதிலேயே ரீபூட் நின்றுவிடும். பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்டர் என்றால் சில சார்ஜர் உறுமும், சூடாகும். அதற்கு மருந்து சார்ஜரை மாற்றுவதுதான்.

இன்வெர்டரை நம்பவே வேண்டாம் என்றால் ரூட்டருக்கு விற்கும் 12 வோல்ட் மினி யூபிஎஸ் எடுத்து, அதன் பின்னால் 5 வோல்ட் பக் கன்வெர்ட்டர் (வோல்டேஜை இறக்கிக் கொடுக்கும் மாட்யூல்) போடலாம். பேட்டரி எப்போதும் லைனிலேயே இருக்கும் ரகமாகப் பாருங்கள், மாறும் நேரம் என்பதே இருக்காது. பவர் பேங்கை இதற்குப் போடாதீர்கள். சார்ஜ் வந்தாலும் நின்றாலும் வெளியே கொடுப்பதை ஒரு கணம் வெட்டிவிட்டுத் தொடரும் ரகம் நிறைய.

கணக்கு: 5.1 வோல்ட்டில் 2.5 ஆம்ப் என்றால் 12.75 வாட். கன்வெர்ட்டர் இழப்பு சேர்த்து 14.5 வாட். 2000 எம்ஏஎச் செல் மூன்று வைத்த மினி யூபிஎஸ் 22 வாட்-அவர். பேப்பரில் ஒன்றரை மணி, நடப்பில் ஒரு மணி சொச்சம். அந்த ‘12 வோல்ட்’ பேட்டரி தீரத் தீர 9 வரை இறங்கக்கூடும், அதனால் 9 வோல்ட்டிலும் வேலை செய்யும் கன்வெர்ட்டராக இருக்கணும். எல்எம்2596 மாட்யூல் 3 ஆம்ப் என்று எழுதியிருந்தாலும் ஹீட் சிங்க் இல்லாமல் தொடர்ந்து 2-க்கு மேல் இழுத்தால் கை வைக்க முடியாது. எக்ஸ்எல்4015 வையுங்கள், அது 5 ஆம்ப் ரகம், உங்கள் லோடுக்கு மூச்சு வாங்காது.

மாட்யூல் கைக்கு வந்ததும் பையோடு இணைத்துவிடாதீர்கள். வெளியே எத்தனை வோல்ட்டில் செட் ஆகியிருக்கும் என்று சொல்ல முடியாது, 12-ம் வரலாம். முதலில் தனியாக ஓட்டி, ஸ்குரூவைத் திருப்பி 5.15-ல் நிறுத்தி, கார் டெயில் லாம்ப் பல்பு ஒன்றை லோடாகக் கொடுத்து நிற்கிறதா பார்த்து, ஸ்குரூ தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் விடுங்கள். உள்ளே போகும் வயரில் 3 ஆம்ப் ஃபியூஸ். ஜிபிஐஓ பின்னில் நேராக ஏற்றுவதை விட டைப்-சி முனையோடு வரும் வயர் வாங்கி அதில் ஏற்றுவது நல்லது, பின்னில் பிளஸ் மைனஸ் மாறினால் கேள்வியே இல்லை.

பீச் பக்கம் என்றீர்கள். உப்புக் காற்றில் யூஎஸ்பி முனை ஆறு மாதத்தில் மங்கும், சில இடத்தில் பச்சை பிடிக்கும். 0.05 ஓம் கூடினாலே 2 ஆம்ப்பில் 0.1 வோல்ட் போச்சு. ஐசோப்ரோபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷும் போதும். உப்புத்தாள் தேய்க்கவே கூடாது, மேலே இருக்கும் தங்கப் பூச்சு போய்விட்டால் பிறகு மாதம் ஒருமுறை தேய்க்க வேண்டியிருக்கும்.

புயல் நேரத்துக்கு ஒன்று. 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது, 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. இப்படிப்பட்ட நாளில் கரண்ட் போவதை விடத் திரும்பி வருவதுதான் ஆபத்து. எங்காவது நியூட்ரல் அறுந்திருந்தால் சிங்கிள் ஃபேஸ் வீட்டில் 400 வோல்ட் அருகே ஏறலாம், 240 வரை தாங்கும் அடாப்டர் வெடிக்கும். சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். கரண்ட் வந்ததும் முதலில் ஒரு சாதா பல்பைப் போட்டுப் பாருங்கள், கண்ணைக் கூசினால் பிளக்கைத் தொடாதீர்கள்.

எஸ்டி கார்டுக்கு: ராஸ்பி-கான்ஃபிக்கில் (பையின் செட்டிங்ஸ் புரோகிராம்) பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் ஓவர்லே ஃபைல் சிஸ்டம் இருக்கு, அதை இயக்கினால் கார்டில் எழுதுவதே நின்றுவிடும், எழுத்தெல்லாம் ரேமில். கேமரா பதிவை டிஸ்குக்குத் திருப்பிவிடுங்கள். அப்டேட் செய்யும்போது ஓவர்லேயை அணைக்க மறந்தால் ரீபூட்டில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். எஃப்எஸ்டேபில் (பூட் ஆகும்போது எந்த டிஸ்கை எங்கே இணைப்பது என்ற பட்டியல் ஃபைல்) டிஸ்க் வரிக்கு நோஃபெயில் சேர்க்கணும், இல்லாவிட்டால் டிஸ்க் எழவில்லை என்றால் பையும் பாதியில் நிற்கும்.

புதுசா_வந்தவன்

அண்ணா, இதே பெட்டியை பை 5-க்கு மாற்றினால் சிக்கல் தீருமா?

ஈயப்பத்து

தீராது தம்பி, அதிகமாகும். பை 5 முழு யூஎஸ்பி கரண்டும் கொடுக்க 5.1 வோல்ட் 5 ஆம்ப் கேட்கும், அதை பிடி (யூஎஸ்பி பவர் டெலிவரி) பேரத்தில் கொடுக்கும் சார்ஜர் அபூர்வம். 3 ஆம்ப் சார்ஜர் என்று தெரிந்ததும் யூஎஸ்பி எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்ப்போடு நிறுத்திவிடும், அதில் ஹார்ட் டிஸ்க் எழாது. 27 வாட் அதிகாரபூர்வ அடாப்டரில் அது 1.6 ஆம்ப். கான்ஃபிக் ஃபைலில் யூஎஸ்பி மேக்ஸ் கரண்ட் எனேபிள் 1 என்று போட்டு வரம்பைத் திறக்கலாம், ஆனால் பின்னால் இருக்கும் சப்ளை உண்மையிலேயே 5 ஆம்ப் தாங்கினால் மட்டும். வரம்பைத் திறந்தால் கரண்ட் முளைத்துவிடாது.

தேவனாம்பட்டினம்_பை

கேபிளோடு வரும் 5.1 வோல்ட் அடாப்டர் போட்டேன், டிஸ்க் 12 வோல்ட் ஹப்பில், ஸ்கிரீன் தனிச் சார்ஜரில், இன்வெர்டர் சுவிட்ச் யூபிஎஸ்-ல். முழு லோடில் போர்டில் 4.98. ரீபூட் செய்து இரண்டு நாளாக த்ராட்டில் 0. இன்வெர்டரை நானே ஆறு முறை மாற்றிப் பார்த்தேன், அசையவில்லை.

ஒன்று மட்டும் புரியவில்லை. பையின் பிளக்கைப் பிடுங்கினாலும் சிவப்பு எல்இடி மங்கலாக எரிகிறது. மறுபடி பவர் கொடுத்தால் சில முறை பூட் ஆவதில்லை.

ஈயப்பத்து

ஹப் பின்வாசல் வழியாகப் பைக்குக் கரண்ட் ஊட்டுகிறது. தடுக்கும் டையோடு இல்லாத ஹப். பாதி உயிரோடு இருக்கும் போர்டு சரியாக ரீசெட் ஆகாது, அதான் பூட் ஆவதில்லை.

ஹப்பிலிருந்து பைக்குப் போகும் ஏ முனையில் முன் வரிசை நாலு தகட்டில் ஓரத்து இரண்டும் பவர். ஹப்பின் அடாப்டரை அணைத்துவிட்டு மீட்டரைக் கன்டினியூட்டியில் வையுங்கள். உலோக உறையோடு பீப் அடிப்பது கிரவுண்ட், மறு ஓரத்தில் இருப்பது 5 வோல்ட். அந்தத் தகட்டின் மேல் மட்டும் மெல்லிய கேப்டான் டேப்பை (சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்) ஒட்டிச் செருகுங்கள். செல்லோடேப் வேண்டாம், பசை போர்ட்டுக்குள் இறங்கும்.

டேப் ஒட்டிய பிறகு டிஸ்க் தெரியவே இல்லை என்றால், அந்த ஹப் எதிரே கம்ப்யூட்டர் இருக்கிறதா என்பதை 5 வோல்ட்டைப் பார்த்துத்தான் அறிகிறது. அப்போ டேப்பை எடுத்துவிட்டு, கேபிளில் சிவப்பு வயரை மட்டும் வெட்டி 1என்5819 ஷாட்கி டையோடு ஒன்றைப் பற்றவையுங்கள், வெள்ளைக் கோடு ஹப் பக்கம். ஹப்புக்குச் செய்தி போகும், பைக்குக் கரண்ட் திரும்பாது. பச்சை, வெள்ளை வயரைத் தொடாதீர்கள், வெட்டிய இடத்தில் ஷீல்டு உறையையும் முடிந்தவரை பழையபடி சுற்றிவிடுங்கள். யூஎஸ்பி 3 கேபிளில் அது பிரிந்து கிடந்தால் பைக்குள் இருக்கும் 2.4 கிகா ஹெர்ட்ஸ் வைஃபை தடுமாறும், உங்கள் வயர்லெஸ் கீபோர்டும்.